மோட்டார் நியூரான் நோயில் வாய்ப் பராமரிப்பு: பல் வேலையை மூச்சு நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்

உங்கள் ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அம்மாவுக்கு மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். பேச்சுக் குழறலில் தொடங்கியது. எச்சில் ஓயாமல் வழிகிறது. பிரஷை வாயில் வைத்தால் கடித்துக்கொள்கிறார், பேஸ்ட் நுரையில் புரையேறுகிறது. விரைவில் வயிற்றில் உணவுக் குழாய் பொருத்தப்போகிறார்கள். அதன் பிறகும் பல் துலக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைவாயில் பழைய சொத்தை ஒன்று இருக்கிறது. "இந்த நிலைமையில் பல்லுக்குப் போய் அலைய வேண்டுமா" என்று உறவினர்கள் சொல்கிறார்களே, விட்டுவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். விட்டுவிடாதீர்கள், பல் மருத்துவரைப் பார்க்க இந்த வாரமே நேரம் வாங்குங்கள். இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் சொத்தை அல்ல, மூச்சு. இந்த நோய் மூச்சை இழுக்கும் தசைகளான உதரவிதானத்தையும் விலாவிடைத் தசைகளையும் தளர்த்திக்கொண்டே வரும். உதரவிதானம் தளர்ந்தவர் மல்லாந்து படுத்தால் வயிற்று உறுப்புகள் மேலேறி அழுத்த, மூச்சு முட்டும். பல் மருத்துவரின் நாற்காலியோ ஆளைச் சாய்த்துப் படுக்கவைப்பதற்காகவே செய்யப்பட்டது. இன்று அரை மணி நேரம் சாய்ந்து வாயைத் திறந்துவைத்திருக்க முடிகிற ஒருவருக்கு, சில மாதங்கள் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தபடி பத்து நிமிடம் திறப்பதே பெரும்பாடாகிவிடலாம். தாடையும் அப்போது இவ்வளவு திறக்காது. மயக்க மருந்து கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்ற வழியும் அதற்குள் அடைபட்டுவிடும். நோய் உறுதியானதும் நரம்பியல் மருத்துவர், நுரையீரல் மருத்துவர், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர், உணவியல் வல்லுநர் என்று ஒரு வரிசை தொடங்குகிறது அல்லவா? அந்த வரிசையில் பல் மருத்துவர் பெரும்பாலும் இருப்பதில்லை. பல் வலி வந்த பிறகுதான் எங்கள் நினைவு வருகிறது. அது தாமதமான நேரம்.

இனி, வாயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்த நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு நோய் கை கால்களில் தொடங்காமல் நாக்கு, தொண்டைத் தசைகளில் தொடங்குகிறது. பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1860இலேயே நாக்கும் மென்னண்ணமும் (அண்ணத்தின் மென்மையான பின்பகுதி) உதடுகளும் படிப்படியாகச் செயலிழக்கும் இந்தத் தோற்றத்தை விவரித்திருக்கிறார். கை கால்களில் தொடங்கியவர்களிலும் மிகப் பலருக்குப் பின்னால் வாய்க்கு வந்து சேர்கிறது. நாக்கை நாம் பேசவும் சுவைக்கவும் உள்ள உறுப்பாகவே நினைக்கிறோம். உண்மையில் அது நாள் முழுவதும் வேலை செய்யும் துப்புரவாளர். பல்லிடுக்கில் சிக்கிய பருக்கையைத் துழாவி எடுப்பது, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தேங்கியதைத் திரட்டி உள்ளே தள்ளுவது எல்லாம் நாக்குதான். அதற்குத் துணையாகக் கன்னத் தசை அழுத்துகிறது, எச்சில் அலசுகிறது, விழுங்குதல் அகற்றுகிறது. இந்த நான்கும் ஒன்றாகத் தளரும்போது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் கன்னத்தின் உட்புறத்தில் உணவு அப்படியே இருக்கும். அம்மாவின் வாயை மாலையில் ஒரு டார்ச் விளக்குடன் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும், கீழ்ப் பற்களுக்கும் நாக்குக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும்தான் அதிகம் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோய் அசைவைத்தான் பறிக்கிறது. உணர்ச்சியைப் பொதுவாகத் தொடுவதில்லை. பல் வலி அம்மாவுக்கு நம்மைப் போலவே வலிக்கும். நம்மைப் போலச் சொல்லத்தான் முடியாது. திடீரென எச்சில் கூடுவது, கரண்டியை ஒரு பக்கம் மட்டும் ஏற்க மறுப்பது, சுவாசக் கருவியின் முகமூடியைப் பொருத்தவிடாமல் முகத்தைத் திருப்புவது, இரவில் உறங்காமலிருப்பது, புதிதாகப் பல்லைக் கடிப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் "நோய் முற்றிவிட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன் வாய்க்குள் பாருங்கள். கூரான பல் விளிம்பு நாக்கின் ஓரத்தில் போட்ட புண்ணோ, ஈறில் கட்டிய சீழோ காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

அடுத்து எச்சில். அம்மாவுக்கு எச்சில் அதிகமாக ஊறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊறுவது அதிகமாகவில்லை, உள்ளே போவதுதான் குறைந்துவிட்டது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதை நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். விழுங்கல் தளர்ந்து, உதடும் முழுதாக மூடாமல், தலையும் முன்னால் சாய்ந்துவிட்டால் அது வழியத்தான் செய்யும். அதைக் குறைக்க ஹையோசின் ஒட்டுப் பட்டை, கிளைகோபைரோனியம், அமிட்ரிப்டிலின், நாக்கின் அடியில் விடும் அட்ரோபின் சொட்டு என்று மருந்துகள் இருக்கின்றன. இவை போதாதபோது உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போட்டுலினம் ஊசி போடுவார்கள். அதன் பயன் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். சிலருக்குச் சுரப்பிகளுக்குக் கதிர்வீச்சு தருவதும் உண்டு. இவற்றில் எதை, எவ்வளவு என்பதை அம்மாவின் நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார்.

பல் மருத்துவனாக நான் சொல்ல வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். எச்சில் பல்லின் காவல். உணவிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைத் தணிப்பதும், பல் எனாமலுக்குக் கால்சியத்தைத் திருப்பித் தருவதும் அதுதான். வழிவதை நிறுத்தும் முயற்சியில் வாய் வறண்டுபோனால் சொத்தை மிக வேகமாக ஓடும், அதுவும் ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில். வாயைத் திறந்தே மூச்சு விடுபவருக்கும், சுவாசக் கருவியின் காற்று இரவெல்லாம் வாய்க்குள் வீசுபவருக்கும் வறட்சி இன்னும் கூடும். வழியும் எச்சிலும் வறண்ட வாயும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கலாம்: உதட்டோரம் ஈரம், அண்ணத்தில் பிசின்போல் காய்ந்த கோழை. ஆகவே எச்சில் மருந்து தொடங்கும்போதோ அளவு கூட்டும்போதோ பல் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். கதிர்வீச்சு என்று பேச்சு வந்தால், அதற்கு முன்பே வாய்ப் பரிசோதனையும் தேவையான பல் நீக்கமும் முடிந்திருக்க வேண்டும்.

உணவுக் குழாய்க்கு வருவோம். வாய் வழியே எதுவும் போகவில்லையென்றால் பல் எப்படி அழுக்காகும் என்பது நியாயமாகத் தோன்றும் கேள்வி. மருத்துவமனைப் பணியாளர்களே சிலர் இப்படி நினைப்பதுண்டு. நடப்பது நேர்மாறானது. குழாய் வழியே உண்பவர்களுக்குப் பற்காரை மற்றவர்களைவிட வேகமாகப் படியும். மெல்லுவதால் பல்லுக்குக் கிடைத்துவந்த இயல்பான உராய்வு நின்றுபோகிறது. எச்சில் தேங்கி அதிலுள்ள கால்சியம் பல்லின் மேல் கல்லாக இறுகுகிறது. அண்ணத்திலும் நாக்கிலும் உதிர்ந்த தோல் செல்களும் கோழையும் சேர்ந்து ஏடு கட்டுகின்றன. பல்லின் மேல் படியும் அந்த மெல்லிய பற்படலம் உணவுத் துணுக்கு அல்ல, கிருமிகளின் குடியிருப்பு. நாம் சாப்பிடாவிட்டாலும் அது வளரும்.

அந்தக் கிருமிகள் பல்லோடு நின்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். விழுங்கல் தளர்ந்தவரின் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, பெரும்பாலும் உறக்கத்தில், சத்தமே இல்லாமல். இருமி வெளியேற்றும் வலுவும் குறைந்துவிட்டது. வயிற்றுக் குழாய் வைத்தால் உணவு புரையேறுவது குறையலாம். எச்சில் புரையேறுவதைக் குழாயால் தடுக்க முடியாது. அந்த எச்சிலில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பது நீங்கள் துலக்குவதைப் பொறுத்தது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. பணியாளர்கள் முறையாக வாயைச் சுத்தம் செய்த முதியவர்களில் 11 விழுக்காட்டினருக்கு நுரையீரல் அழற்சி வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கு வந்தது. அவர்கள் மோட்டார் நியூரான் நோயாளிகள் அல்லர், எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் வாய்க்கும் நுரையீரலுக்கும் உள்ள வழி ஒன்றுதான். குழாய் வைத்த பிறகு பல் துலக்கும் தேவை கூடுகிறது என்பதே என் பதில். இன்னொரு குறிப்பு: குழாயில் உணவு ஏறிக்கொண்டிருக்கும்போதோ ஏறி முடிந்த உடனேயோ துலக்காதீர்கள். பிரஷ் பட்டுக் குமட்டினால் வயிற்றிலுள்ளது மேலே வரும். அரை மணி நேரமாவது போகட்டும்.

எப்படித் துலக்குவது? முதலில் உட்காரும் நிலை. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், படுக்கையில் என்றால் தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். வாய்க்குள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தலையைப் பின்னால் சாய்ப்பது எல்லோரும் இயல்பாகச் செய்யும் தவறு. அப்போது தொண்டை திறந்து, நுரையும் எச்சிலும் நேராக மூச்சுக்குழாயை நோக்கி ஓடும். நீங்கள் அவருக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நின்று, ஒரு கையால் தலையை உங்கள் உடம்போடு சேர்த்துத் தாங்கிக்கொள்ளுங்கள். கழுத்துத் தசை தளர்ந்தவருக்கு இந்தத் தாங்கல் இல்லாமல் எதுவும் நடக்காது. தொடங்குவதற்கு முன் தேங்கியிருக்கும் எச்சிலை உறிஞ்சு கருவியால் எடுத்துவிடுங்கள். வீட்டில் அந்தக் கருவி இருக்கிறதென்றால் அதோடு இணைக்கும் பிரஷும் கிடைக்கும்: துலக்கத் துலக்கவே நுரையையும் நீரையும் அதன் தலையிலுள்ள துளை இழுத்துக்கொள்ளும். துப்ப முடியாதவருக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. இல்லாவிட்டால் மென்மையான சிறுதலைப் பிரஷும், விரலில் சுற்றாமல் கையில் பிடித்த ஈரத்துணியும் போதும். சில வீச்சுகளுக்கு ஒரு முறை நிறுத்தித் துடைத்துவிடுங்கள்.

பேஸ்ட்டை நீளமாகப் பிதுக்க வேண்டாம். பிரஷின் மேல் தடவியது தெரியாத அளவுக்கு ஒரு பூச்சுப் போதும், உலர்ந்த பிரஷில். அம்மாவுக்குப் புரையேறக் காரணம் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள்தான். அது இல்லாத பேஸ்ட்டுகள் கிடைக்கின்றன. உறையில் உள்ள பொருட்பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். புளோரைடு மட்டும் இருந்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கான சாதாரண பேஸ்ட்டில் பத்து லட்சத்தில் 1450 பங்கு வரை புளோரைடு இருக்கும். வாய் வறண்டவர்களுக்கு 2800 அல்லது 5000 பங்குள்ள பேஸ்ட்டை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அம்மாவுக்கு அது தேவையா என்று கேளுங்கள். துலக்கிய பின் வாய் கொப்பளிக்கத் தேவையில்லை. அதிகப்படி நுரையைத் துடைத்தெடுத்துவிட்டு மிச்சத்தைப் பல்லிலேயே விடுவதுதான் நல்லது, நமக்கும் அப்படித்தான். காலையும் இரவும் இரண்டு வேளை. ஒரு வேளைதான் முடியும் என்ற நாளில் இரவு வேளையைக் காப்பாற்றுங்கள். உறக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால் கிருமிக்கு அதுதான் வசதியான நேரம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமென்பதில்லை. மேல் வரிசை இப்போது, கீழ் வரிசை சிறிது நேரம் கழித்து என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஈறில் இரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அங்கே பற்படலம் சேர்ந்து ஈறு வீங்கியிருக்கிறது என்பதே பொருள். மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் காட்டுங்கள். இந்த நோய்க்குத் தரும் ரிலுசோல் மருந்தைச் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்து அரிதாக வெள்ளணுக்களைக் குறைக்கும், வாயைச் சுற்றி மரத்ததுபோன்ற உணர்வையும் சிலருக்குத் தரும்.

பிரஷைக் கடித்துக்கொள்வது பிடிவாதம் அல்ல. மூளையிலிருந்து ஆணையைக் கொண்டுவரும் மேல்நிலை இயக்க நரம்பணுக்கள் பாதிக்கப்படும்போது தாடையின் அனிச்சைச் செயல் கட்டுப்பாடு இழக்கிறது. பல்லையோ ஈறையோ எதாவது தொட்டதும் தாடை தானாகவே இறுகும். அம்மாவே நினைத்தாலும் உடனே விட முடியாது. "வாயைத் திறங்கள், திறங்கள்" என்று அவசரப்படுத்தினால் இறுக்கம் கூடும். பிடித்து இழுக்காதீர்கள், பல் உடையும், பிரஷ் உடைந்து துண்டு உள்ளே போகும். கையைத் தளர்த்திவிட்டுக் காத்திருங்கள், தாடையின் பக்கவாட்டை வெதுவெதுப்பான கையால் மெல்லத் தடவுங்கள், விடும். அடுத்த முறை வாயைத் திறக்கச் சொல்லாமலே தொடங்கிப் பாருங்கள். பற்களை மூடியபடியே உதட்டை ஒதுக்கி வெளிப்புறம் முழுவதையும் துலக்கலாம். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பிரஷை நுழைத்துக் கடைவாய் வரை போகலாம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உட்புறத்தைக் கடைசியில், கொட்டாவி விடும்போதோ தளர்ந்திருக்கும்போதோ பாருங்கள். உட்புறம், வெளிப்புறம், மேற்புறம் மூன்றையும் ஒரே வீச்சில் தொடும் மூன்றுபக்கப் பிரஷும் இத்தகையவர்களுக்கு உதவும். உங்கள் விரலை மட்டும் பற்களுக்கு நடுவில் எப்போதும் வைக்காதீர்கள். பற்கடிப்பு ஓயாமல் இருந்து நாக்கும் கன்னமும் புண்ணானால், கூரான விளிம்புகளைப் பல் மருத்துவர் சில நிமிடங்களில் மழுக்கிவிடலாம். பாக்லோஃபென் போன்ற தசைத் தளர்த்திகளோ, தாடைத் தசையில் போட்டுலினம் ஊசியோ உதவுமா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் விற்கும் பற்காப்பு உறையை வாங்கி மாட்டாதீர்கள். தளர்ந்த உறை தொண்டைக்குள் போனால் எடுக்க அவருக்கு இருமல்கூட வராது.

வாய் துடைக்கும் பஞ்சுக் குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரப்படுத்த அது உதவும். பற்படலத்தை அது அகற்றாது. பஞ்சுத் தலை கழன்று வாய்க்குள் விழும் ஆபத்தும் உண்டு. பிரிட்டனின் மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. கடிக்கும் பழக்கமுள்ளவருக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. எலுமிச்சையும் கிளிசரினும் கலந்த துடைப்பான்கள் பழைய மருத்துவமனைப் பழக்கம். அமிலம் பல்லை அரிக்கும், கிளிசரின் வாயை மேலும் உலர்த்தும். கொப்பளிப்பு மருந்து கொப்பளிக்கத் தெரிந்தவருக்குத்தான், அம்மாவுக்கு அல்ல. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் களிம்பாக வாங்கிப் பிரஷால் தடவுங்கள், பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே அல்லாமல் அரை மணிக்கு மேல் இடைவெளி விட்டு. பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். உதட்டுக்கு நீர் அடிப்படையிலான களிம்பு நல்லது. ஆக்சிஜன் கொடுக்கப்படும் வீட்டில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தவிர்ப்பார்கள், தீப்பற்றும் அபாயம் கருதி.

இரவில் சுவாசக் கருவி பொருத்தும் நாள் வந்ததும், முகமூடி மாட்டுவதற்கு முன்பு வாய் சுத்தமாக இருப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாயில் துணுக்கோ கோழையோ இருந்தால் கருவியின் காற்று அதையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளும். கருவியில் ஈரப்பதமூட்டி இணைத்தால் காலையில் அண்ணத்தில் காய்ந்து ஒட்டும் ஏடு குறையும். அப்படி ஒட்டியிருப்பதை உரித்தெடுக்காதீர்கள். சொட்டு நீரில் நனைத்த மென்பிரஷால் ஊறவைத்து, தளர்ந்த பிறகு துடைத்தெடுங்கள்.

அம்மாவின் கைகள் இன்னும் ஓரளவு வேலை செய்கின்றன என்றால் அவரே துலக்கட்டும், நீங்கள் கடைசியில் ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். தடித்த பிடி, மணிக்கட்டில் கட்டும் பட்டை, மேசையில் ஊன்றிய முழங்கை எல்லாம் அந்த நாள்களை நீட்டிக்கும். மின் பிரஷ் பலருக்கு வசதி. எடை சிலருக்குத் தடை, அதிர்வு சிலருக்குத் தாடை இறுக்கத்தைத் தூண்டும். வாங்குவதற்கு முன் இரவல் வாங்கிப் பார்க்கலாம், பிரஷின் தலையை மட்டும் மாற்றி.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. சொத்தையைப் பார்த்ததும் "இனிப்பைக் குறையுங்கள், இடையில் எதுவும் சாப்பிடாதீர்கள்" என்று வாய் தானாகச் சொல்லும். மோட்டார் நியூரான் நோயாளிக்கு அந்த அறிவுரை தீங்கு. இந்த நோயில் எடை குறைவது நல்லதல்ல. அதனால்தான் உணவியல் வல்லுநர் கலோரி மிகுந்த பானங்களை நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தரச் சொல்கிறார். எந்தப் பல் மருத்துவராவது அவற்றை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். பல்லைக் காக்கும் பொறுப்பைப் புளோரைடும் பிரஷும் ஏற்கட்டும். மருந்துகளில் சர்க்கரையில்லாத திரவ வடிவம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். புரையேறாமலிருக்கக் கெட்டியாக்கிய பானம் வாயில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்கும். குடித்து முடித்ததும் ஒரு துடைப்பு அவசியம்.

பல் மருத்துவமனையில் என்ன எதிர்பார்க்கலாம்? சந்திப்பு குறுகியதாக, அம்மாவுக்குத் தெம்பு அதிகமுள்ள வேளையில் இருக்கட்டும். நாற்காலியை முழுக்கச் சாய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எவ்வளவு சாய்வு வரை அவருக்கு மூச்சு எளிதாக இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவைத்துக்கொள்ளலாம். தலைத்தாங்கி உள்ள சக்கர நாற்காலியிலேயே உட்காரவைத்து வேலை செய்வதும் முடியும். மூச்சுக் கருவி பயன்படுத்துபவர் மூக்கை மட்டும் மூடும் முகமூடியோடு வரலாம். தண்ணீர் பீய்ச்சும் அதிர்வுக் கருவிக்குப் பதிலாகக் கைக்கருவியால் காரை எடுப்பது, பக்கத்தில் ஓர் உதவியாளர் ஓயாமல் உறிஞ்சியபடி இருப்பது, அடிக்கடி நிறுத்துவது இவையெல்லாம் ஒரு நல்ல மருத்துவருக்கு நீங்கள் சொல்லாமலே தெரியும், சொன்னாலும் தவறில்லை.

மரத்துப்போகும் ஊசி பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் இரண்டு பக்கமும் கீழ்த்தாடையை ஒரே நாளில் மரக்கச் செய்யக்கூடாது. விழுங்கல் மேலும் தடுமாறும், மரத்த நாக்கை அவர் கடித்துக்கொள்வார். பதற்றத்தைத் தணிக்கத் தரும் மயக்க மாத்திரைகளும் சிரிப்பூட்டும் வாயுவும் வேறு கதை. மூச்சுத் தசை தளர்ந்தவருக்கு அவை மூச்சை இன்னும் அடக்கிவிடும். தேவையென்றால் மயக்கவியல் மருத்துவர் உடனிருக்கும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். முழு மயக்கத்தில் பயன்படும் சக்ஸமெத்தோனியம் என்ற தசைத் தளர்த்தி இந்த நோயில் இரத்தப் பொட்டாசியத்தை ஆபத்தாக உயர்த்தக்கூடியது. ஆகவே எந்த அறுவைக்குப் போனாலும் நோயின் பெயரை முதல் வரியில் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் ஆக்சிஜன் மட்டும் கொடுத்துவிட்டு நிற்பதும் சரியல்ல. மூச்சுக்கான துணை இல்லாத ஆக்சிஜன் கரியமில வாயு தேங்குவதை மறைத்துவிடலாம்.

அந்தக் கடைவாய்ச் சொத்தையை நான் பார்த்திருந்தால் இப்படி யோசிப்பேன். பல் உறுதியாக இருந்து குழி மேலோட்டமாக இருந்தால், புளோரைடு கசியும் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் அடைப்பது. வேர் வரை போய்விட்டதென்றால், பல அமர்வுகள் கேட்கும் வேர் சிகிச்சையைவிட இப்போதே எடுத்துவிடுவது பெரும்பாலும் நல்லது. முன்பல்லானால் வேறு கணக்கு. முகம் அவருடையது, முடிவும் அவருடையது. ஆடும் பல், பல்லின் மேல் பொருத்தித் தளர்ந்துபோன தொப்பி இரண்டையும் விட்டுவைக்க மாட்டேன், கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகும். துளையிடவே முடியாத நிலை வந்தால் 38 விழுக்காடு வெள்ளி டயமின் புளோரைடைத் தடவிச் சொத்தையை அங்கேயே நிறுத்தலாம். அந்த இடம் கறுத்துவிடும், கடைவாயில் அது பொருட்டல்ல. புளோரைடு பூச்சைச் சில மாதங்களுக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. பொருத்துப் பல் (இம்ப்ளான்ட்) போன்ற நீண்ட வேலைகளைத் தொடங்கச் சொல்லும் மருத்துவரிடம், முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேளுங்கள்.

பல்செட் அணிபவர்களுக்கும் ஒரு செய்தி. அது வாயில் நிற்பது நாக்கும் கன்னமும் பிடித்துக்கொள்வதால்தான். தசை மெலியும்போது நேற்று வரை பொருந்தியது இன்று ஆடும். இரவில் கழற்றிவைக்க வேண்டும், ஆடினால் சரிசெய்ய வேண்டும். மென்னண்ணம் தளர்ந்து பேச்சு மூக்கால் வருபவர்களில் சிலருக்கு, அதைத் தூக்கிப் பிடிக்கும் தகடு ஒன்றைப் பல் மருத்துவர் செய்து தரலாம். நாக்கு மெலிந்து அண்ணத்தைத் தொட முடியாதவருக்கு அண்ணத்தைத் தாழ்த்திக் காட்டும் தகடும் உண்டு. நோய் மெல்ல நகர்பவர்களுக்கே இவை பொருந்தும். பேச்சுச் சிகிச்சையாளரும் பல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

நாக்கிலோ அண்ணத்திலோ துடைத்தால் பெயர்ந்து அடியில் சிவப்பாகத் தெரியும் வெண்படலம் கண்டால் பூஞ்சையாக இருக்கலாம். எரிச்சலும் சுவைமாற்றமும் இருக்கும். மருந்து எளிது. ஆனால் கெட்டியான களிம்பை வாயில் அப்பிவிடாமல் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் மைகோனசோல் களிம்பைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் அன்று இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, நிறுத்து என்பதற்கான அடையாளம். வாய்க்குள் கருவி இருக்கும்போது முனகலைக்கூட நம்பியிருக்கக்கூடாது. கண்ணை மேலே உருட்டுவதோ, காலை அசைப்பதோ, விரலருகே ஒரு மணியோ எதுவாயினும் அம்மாவும் மருத்துவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கேள்விகளை அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள். இந்த நோயாளிகளில் பாதிப் பேர் வரை சிந்தனையிலோ நடத்தையிலோ ஓரளவு மாற்றம் ஏற்படுவதுண்டு. அது இருந்தாலும் தன் வாயைப் பற்றி முடிவெடுப்பவர் அவர்தான். சிலருக்குக் காரணமின்றி சிரிப்போ அழுகையோ பீறிட்டு வரும். அதுவும் நோயின் வேலை. மருத்துவர் திடுக்கிட்டு ஊசியை நகர்த்திவிடாமலிருக்க அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்றொன்று ஒரு தாள். நோயின் பெயர், தொடங்கிய மாதம், சாப்பிடும் மருந்துகள், கடைசி மூச்சுப் பரிசோதனை முடிவு, எந்தச் சாய்வு வரை படுக்க முடியும், எதைக் குடித்தால் புரையேறுகிறது, நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி எண். வயிற்றுக் குழாய் பொருத்தும் தேதியையும் அதில் எழுதுங்கள். முடிந்தால் பல் வேலை அதற்கு முந்தைய வாரங்களிலேயே முடியட்டும். தொலைபேசியில் நேரம் கேட்கும்போது "சொத்தை" என்று மட்டும் சொன்னால் அடுத்த மாதம் கொடுப்பார்கள். "மோட்டார் நியூரான் நோய், மூச்சு குறைந்துவருகிறது, படுக்கவைக்க முடியாத நிலை வருவதற்குள் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.